ஐஸ் ஹவுஸ்: பனிக்கிடங்கு குடும்ப வீடான வரலாறு

சென்னை திருவல்லிக்கேணியில், காமராசர் சாலையில், மெரினா கடற்கரையைப் பார்த்தபடி வட்ட முகப்புடன் நிற்கும் கட்டிடம் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படுகிறது. சுவாமி விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 6 முதல் 14 வரை ஒன்பது நாட்கள் இங்கே தங்கினார். இதை நம் பாடநூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் காணலாம். ஆனால் திருவல்லிக்கேணிக்காரர்களைக் கேட்டால் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் சொல்வார்கள். பேருந்து நடத்துநரும் அப்படித்தான் சொல்வார். அப்பகுதிக் காவல் நிலையத்தின் பெயரும் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம்தான்.

திருவண்ணாமலையில் ஆசிரியராக இருந்த காலத்தில் எங்கள் பள்ளி மாணவிகளைக் கல்விச் சுற்றுலாவாக ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். சுவாமிஜி தங்கியிருந்த அறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அந்த ஒன்பது நாளுக்கு முன்னாடியும் பின்னாடியும் இந்த வீட்டுல யாரு சார் இருந்தாங்க?" என்று கேட்டாள். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "ஊருக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்மா" என்று சமாளித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத் தாமதமாக வந்த விடையே இக்கட்டுரை.

பனிக்கட்டிக்காகக் கட்டிய வீடு

1842-ஆம் ஆண்டளவில் இக்கட்டிடம் எழுந்தது. இதைக் கட்டியவர்கள் மனிதர்கள் குடியிருக்கக் கட்டவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கவே கட்டினார்கள்.

இந்த வணிகத்தைத் தொடங்கியவர் பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர். குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளிலிருந்து பனியை வெட்டி எடுத்து வெப்ப நாடுகளில் விற்கலாம் என்று அவர் எண்ணினார். 1806-இல் முதல் கப்பல் கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவுக்குப் போனது. நட்டம்தான் மிஞ்சியது. கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை. அவரிடம் பணியாற்றிய நதானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் பனிக்கலப்பை ஒன்றை உருவாக்கினார். நாம் வயலில் சால் பிடித்து உழுவது போல, பனியின் மேல் நேர்க்கோடுகளாகக் கீறி, ஒரே அளவுள்ள பாளங்களாக அதை வெட்டி எடுத்தார்கள். ஒரே அளவில் இருந்தால்தான் பாளங்களை இடைவெளி இல்லாமல் அடுக்க முடியும்; இடைவெளி இல்லாவிட்டால் உருகுவதும் குறையும். மரம் அறுக்கும் ஆலைகளில் வீணாகக் குவிந்த மரத்தூளைப் பாளங்களைச் சுற்றிப் பொதிந்தார்கள். வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் மரத்தூள் என்பதை எட்டாம் வகுப்பு அறிவியலில் நாம் நடத்துகிறோம். அதை வைத்தே ஒருவர் பெரும் பணம் சம்பாதித்தார்.

1833-இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வரவேண்டும். அதாவது நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். நான்கு மாதப் பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் ஏற்றுவதற்கு அதிகச் சரக்கு இல்லாத காலம் அது. வெறுமையாக வரவேண்டிய கப்பலில் பனி ஏறியதால் கப்பல் கூலியும் கட்டுபடியானது. கல்கத்தாவைத் தொடர்ந்து பம்பாயிலும் சென்னையிலும் பனிக்கிடங்குகள் எழுந்தன. மூன்றில் இன்று எஞ்சியிருப்பது சென்னைக் கட்டிடம் ஒன்றுதான்.

அக்காலச் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் சரக்கு கரைக்கு வரும். அலையில் வளைந்து கொடுக்கும் அந்தப் படகுகளை ஓட்டத் தெரிந்தவர்கள் நம் மீனவர்கள். கிடங்கு கடற்கரையிலேயே அமைந்ததற்குக் காரணம் இதுவே. அப்போது கடல் இன்றைவிட மிக அருகில் இருந்தது. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து கரை அகலமானது. கடலோர உலாச்சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டவர் ஆளுநர் கிராண்ட் டப், ஆண்டு 1884. ஆக, ஐஸ் ஹவுஸ் மெரினாவைவிட மூத்தது.

இந்தப் பனிக்கட்டியை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும்தான். பானங்களைக் குளிரவைக்கவும் வெண்ணெய் உருகாமல் காக்கவும் அது பயன்பட்டது. காய்ச்சல் கண்டவர்களுக்கு மருத்துவர்களும் பரிந்துரைத்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் தோரோ தாம் வாழ்ந்த வால்டன் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் பனி வெட்டியதைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். அக்குளத்து நீர் சென்னை வரை போய்ச் சேரும் என்ற எண்ணமும் அதில் வருகிறது.

டியூடர் 1864-இல் இறந்தார். அடுத்த பத்தாண்டில் நீராவி இயந்திரத்தைக் கொண்டு சென்னையிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கினார்கள். உள்ளூரில் கிடைக்கும் பொருளுக்கு உலகத்தைச் சுற்றிக் கப்பல் விட எந்த வணிகரும் முன்வரமாட்டார். 1880-ஐ ஒட்டி ஐஸ் ஹவுஸ் வெற்றுக் கட்டிடமானது. விற்பனைக்கு வந்தது.

ஜன்னல் வைத்த வழக்கறிஞர்

பனிக்கிடங்கை யார் வாங்குவார்கள்? பனிக்குத் தேவையானது ஒன்று, மனிதருக்குத் தேவையானது வேறொன்று. பனிக்கு வெளிச்சம் ஆகாது, காற்று ஆகாது, கதவைத் திறப்பதும் ஆகாது. தடித்த சுவரும் இருட்டுமே அதற்கு நல்லது. குடும்பம் நடத்துபவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும், மாலையில் உட்கார ஓர் இடம் வேண்டும். சென்னை போன்ற ஊரில் கடற்காற்று நுழையாத வீட்டில் சித்திரை மாதத்தைக் கழிக்க முடியுமா?

இதை வாங்கியவர் சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார். கட்டிடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அவர் முனையவில்லை. இருந்ததையே மாற்றினார். மூடிக் கிடந்த சுவர்களில் பல ஜன்னல்களைத் திறந்தார். கடலைப் பார்க்கும் பக்கத்தில் வட்ட வடிவமான தாழ்வாரங்களைச் சேர்த்தார். இன்று நாம் காணும் முகத்தைக் கட்டிடத்துக்குத் தந்தது இந்த மாற்றமே. தம் நண்பரான உயர் நீதிமன்ற நீதிபதி கெர்னனின் பெயரால் வீட்டுக்குக் 'காஸில் கெர்னன்' என்று பெயர் வைத்தார். காஸில் என்றால் கோட்டை. கூரையின் உச்சியில் அன்னாசிப்பழ வடிவம் ஒன்று இருக்கிறது. மேலைநாட்டுக் கட்டிடக் கலையில் அது விருந்தோம்பலின் அடையாளம். எங்கள் மாணவிகள் அதைக் கலசம் என்றே நினைத்தார்கள். அதிலும் தவறில்லை, நம் ஊர்க் கண்ணுக்கு உச்சியில் இருப்பது கலசம்தான்.

வீட்டின் ஒரு பகுதியில் குடும்பம் வசித்தது. இன்னொரு பகுதியில் ஏழை மாணவர்கள் தங்க பிலிகிரி ஐயங்கார் இடம் கொடுத்தார். வாடகைக்கு விட்டிருந்தால் நல்ல வருமானம் வந்திருக்கும். திருவல்லிக்கேணி அன்றும் ஆள் நடமாட்டம் மிகுந்த பகுதி. ஒரு பக்கம் பார்த்தசாரதி கோவில், இன்னொரு பக்கம் வாலாஜா மசூதி, இடையில் ஜாம்பஜார். வெளியூரிலிருந்து படிக்கவும் வேலை தேடியும் வருபவர்கள் இன்றும் அங்கே மேன்ஷன்களில் நெருக்கியடித்துத் தங்குகிறார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து சென்னைக்குப் போன எத்தனையோ பையன்களின் முதல் முகவரி திருவல்லிக்கேணி மேன்ஷன்தான்.

ஒன்பது நாட்களும் ஒன்பது ஆண்டுகளும்

1893 செப்டம்பரில் சிகாகோவில் நடந்த சர்வ சமயப் பேரவைக்கு விவேகானந்தரை அனுப்பப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் அளசிங்கப் பெருமாள். அவர் திருவல்லிக்கேணிக்காரர், பள்ளி ஆசிரியர். வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர். ஆசிரியர் ஒருவர் செய்த இந்தப் பணியை நம் வகுப்பறைகளில் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 15-இல் கொழும்பில் இறங்கி, பாம்பன், இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாகப் பிப்ரவரி 6-இல் சென்னை எழும்பூரை அடைந்தார். காலத்தை மனத்தில் வைத்துக்கொள்ள எங்கள் ஊர் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: பதினாறு வயது இளைஞராக ரமண மகரிஷி திருவண்ணாமலைக்கு வந்தது 1896 செப்டம்பர் 1. இரண்டுக்கும் இடையே ஐந்தே மாதங்கள். எழும்பூரிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. வழியில் இளைஞர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு காஸில் கெர்னனுக்கு வந்தார்கள். அடுத்த நாட்களில் விக்டோரியா மண்டபத்திலும் வேறு இடங்களிலும் சொற்பொழிவுகள் நடந்தன. கடைசிச் சொற்பொழிவு ஒரு சர்க்கஸ் கொட்டகையில் நடந்தது. கூட்டம் கொள்ள வேறு இடம் இல்லை. வீட்டிலோ காலை முதல் இரவு வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 15-ஆம் தேதி அவர் கப்பலில் கல்கத்தா புறப்பட்டார்.

சென்னையில் நிலையான மடம் ஒன்று வேண்டும் என்று அன்பர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தம் சகோதரத் துறவியான சுவாமி ராமகிருஷ்ணானந்தரை விவேகானந்தர் அனுப்பிவைத்தார். அவர் 1897 மார்ச்சில் வந்தார். சிறிது காலத்தில் காஸில் கெர்னனின் கீழ்த்தளம் மடமாயிற்று. தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடம் இப்படி ஒரு வழக்கறிஞரின் வீட்டில்தான் நடந்தது. ராமகிருஷ்ணானந்தர் தாமே சமைத்து, தாமே பூசை செய்து, நகரின் பல பகுதிகளுக்கும் சென்று வகுப்பெடுத்தார்.

1902-இல் பிலிகிரி ஐயங்கார் காலமானார். வீட்டுக்காரர் போனபின் வீடு என்ன ஆகும் என்பது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 1906-இல் காஸில் கெர்னன் ஏலத்துக்கு வந்தது. சென்னையின் சொத்துகள் பல கைமாறிய காலம் அது. அர்பத்நாட் வங்கி திவாலாகிப் பலரின் சேமிப்பு முழுகியதும் அதே ஆண்டில்தான். ஏலம் நடந்தபோது ராமகிருஷ்ணானந்தர் வளாகத்தின் ஒரு மூலையில் பழைய பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்திருந்தாராம். அன்பர் ஒருவர் பதற்றத்துடன் ஓடிவந்து ஏலத்தொகை ஏறுவதை அவ்வப்போது சொல்லியிருக்கிறார். தமக்கு வேண்டியது சிறு இடம்தான், வீட்டை யார் வாங்கினால் என்ன என்ற பொருளில் சுவாமி பதில் சொன்னதாக அவரது வாழ்க்கை வரலாற்றில் காணப்படுகிறது. வீட்டை ஒரு ஜமீன்தார் எடுத்தார். மடம் வளாகத்திலிருந்த சிறு புறவீட்டுக்கு மாறியது. 1907 நவம்பரில் மயிலாப்பூர் பிராடீஸ் சாலையில், அன்பர் ஒருவர் அளித்த நிலத்தில் கட்டிய சொந்தக் கட்டிடத்துக்குப் போனது. அச்சாலையே இன்றைய ராமகிருஷ்ண மடம் சாலை.

சிறுமிகள் வந்த வீடு

இவ்வீட்டில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரும் துறவியும் ஜமீன்தாரும் அல்லர், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள்.

1917-இல் அரசு இக்கட்டிடத்தை வாங்கியது. அதில் குடிவந்தது சகோதரி சுப்பலட்சுமியின் இளம் விதவையர் இல்லம். சுப்பலட்சுமி 1886-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோராம் வயதில் திருமணம். சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். அக்கால வழக்கப்படி தலையை மழித்து மூலையில் உட்கார வைத்திருக்க வேண்டும். அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் அதற்கு உடன்படாமல் மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே.

என் பாட்டியின் தங்கை ஒருவர் இப்படி வாழ்ந்தவர். நான் சிறுவனாக இருந்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். வாசல் திண்ணைக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. யாராவது வெளியூர் புறப்பட்டால் உள்ளே போய்விடுவார். யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை, தாமே போய்விடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐஸ் ஹவுஸில் வளர்ந்த பெண்களின் கதையைப் படிக்கும்போது அவர் நினைவு வராமல் இருப்பதில்லை.

எழும்பூரில் நான்கு சிறுமிகளுடன் சுப்பலட்சுமி இந்தப் பணியைத் தொடங்கினார். பெண் கல்வி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் அதிகாரி அரசு உதவி கிடைக்கத் துணைநின்றார். எதிரே வந்தாலே சகுனத்தடை என்று கருதப்பட்ட பெண்கள் ஒரே வீட்டில் பலர் கூடி வாழ்ந்தால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். சாதாரணத் தெருவில் அவர்களுக்கு வீடு அமைவது எளிதாக இருந்திருக்காது. ஐஸ் ஹவுஸ் தெருவுக்குள் இல்லை. ஒரு பக்கம் கடல், சுற்றிலும் திறந்த வெளி. ஊராரின் பார்வை படாமல் அந்தச் சிறுமிகள் மணலில் ஓடி விளையாட முடிந்தது. பனிக்காக ஒதுக்குப்புறமாகக் கட்டிய கிடங்கு இப்படி எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வேறு யாருக்கோ பயன்பட்டது. பிலிகிரி ஐயங்கார் திறந்த ஜன்னல்களும் அவர்களுக்கே அதிகம் பயன்பட்டன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இவ்வில்லம் பிராமண விதவையருக்கு மட்டுமே இடம் தந்தது. குழந்தை மணமும் கைம்மையின் கடுமையும் அச்சமூகத்தில் மிகுதி என்பது சொல்லப்பட்ட காரணம். பெற்றோர் ஆசாரம் கெடாது என்று நம்பினால்தான் பெண்ணை அனுப்புவார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு. காரணம் எதுவானாலும் மற்றச் சாதிச் சிறுமிகளுக்கு அந்தக் கதவு அன்று திறக்கவில்லை.

இங்கே வளர்ந்தவர்களுள் பலர் ஆசிரியர் ஆனார்கள். அதற்கு வழி வீட்டின் பக்கத்திலேயே அமைந்தது. 1922-இல் ஆளுநரின் மனைவி பெயரால் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வர் சுப்பலட்சுமி. பயிற்சி பெற்ற பெண்கள் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் ஆசிரியைகளாகப் போனார்கள். பெண்ணை ஆண் ஆசிரியரிடம் படிக்க அனுப்பத் தயங்கிய காலத்தில், ஓர் ஊருக்குப் பெண் ஆசிரியர் வந்தால்தான் அவ்வூர்ப் பெண் பிள்ளைகள் பள்ளி வாசலை மிதிப்பார்கள். நான் பி.எட். படித்த நாளில் கல்வி வரலாற்றுப் பாடத்தில் பல குழுக்களின் பரிந்துரைகளை மனப்பாடம் செய்தோம். இந்த வீட்டைப் பற்றி ஒரு வரியும் படித்த நினைவில்லை.

வயது வந்த பெண்களுக்காக 1927-இல் சாரதா வித்யாலயம் தொடங்கப்பட்டது. சுப்பலட்சுமி 1940-களின் தொடக்கத்தில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பரில் காலமானார். விதவையர் இல்லம் முடிந்த பிறகும் ஐஸ் ஹவுஸ் ஆசிரியர் பயிற்சி மாணவியரின் விடுதியாக நெடுங்காலம் இருந்தது.

பெயர் மாறியது

விவேகானந்தர் நூற்றாண்டான 1963-இல் அரசு இக்கட்டிடத்துக்கு விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் சூட்டியது. 1997-இல், சுவாமிஜி வந்து நூறாண்டு நிறைந்தபோது, தமிழக அரசு இதை ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு அளித்தது. ஏலத்தின்போது இழந்த வீட்டுக்குத் தொண்ணூற்றோரு ஆண்டுகளுக்குப் பின் மடம் திரும்பி வந்தது. உரிமையாளராக அல்ல, குத்தகைதாரராக. பழுது பார்க்கப்பட்டு 1999 டிசம்பரில் கண்காட்சி திறக்கப்பட்டது. சுவாமிஜி தங்கிய மேல்தள அறை இப்போது தியான அறை. கண்காட்சி நல்ல முறையில் அமைக்கப்பட்டுள்ளது. கட்டிடமும் நன்றாகப் பேணப்படுகிறது. விற்று, இடித்து, அடுக்குமாடி எழும்பாமல் தப்பியது இதன் நல்வினை. முன்பு ஐஸ் ஹவுஸ் சாலை என்று இருந்தது இன்று டாக்டர் பெசன்ட் சாலை.

எங்கள் ஊர் மாட வீதிகளில் திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடும் கொண்ட பழைய வீடுகளின் வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த மாணவியின் கேள்வி நினைவுக்கு வருகிறது. வாங்க வருபவர்கள் சதுர அடியும் சாலை அகலமும்தான் கேட்கிறார்கள்.

சென்னைக்குப் போகும் மாணவர்கள் விவேகானந்தர் இல்லத்துக்குப் போனால், தடித்த சுவர்களில் ஜன்னல்கள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். மேலே தியான அறைக்குப் போய்விட்டு, கீழே இறங்கி வந்து, சாலையைக் கடந்து மணலில் சிறிது தூரம் நடந்து திரும்பிப் பாருங்கள். அந்தச் சிறுமிகள் மாலையில் விளையாடிய இடம் அதுதான்.